யார் கை?

ஊசியக்காவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. சாப்பிடும்போது இடது கை மேசையைத் தட்டும். பல் விளக்கும்போது கால் தரையைத் தட்டும். தூக்கத்தில்கூடக் குதிகாலால் மெத்தையை உதைக்கிறாள் என்று அவள் கணவர் சொல்லாத ஆளில்லை. பஸ்ஸுக்காக நிற்கச் சொன்னால், நிற்கிற நேரத்துக்கு நடந்துவிடலாமே என்று அடுத்த ஸ்டாப்புக்கு நடப்பாள். பாதி வழியில் பஸ் அவளைக் கடந்து போகும். மறுநாளும் நடப்பாள்.

அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். இந்தக் கையிலா ஊசியைக் கொடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் விஷயமே. ஊசியை எடுத்ததும் அந்த ஆட்டம் பாட்டமெல்லாம் அடங்கிவிடும். ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கை மடிப்பில் ஒரு விரலை வைத்து, நரம்பு மேலே வரும்வரை மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்திருப்பாள். குத்தினதே தெரியவில்லை என்று பெரிய பெரிய ஆண்பிள்ளைகள் கண்ணைத் திறப்பார்கள். நரம்பு அகப்படாதவர்களையும் அலறும் குழந்தைகளையும் அவளிடம்தான் தள்ளிவிடுவார்கள். அப்படி ஒட்டிய பெயர்தான் ஊசியக்கா.

வாரத்துக்கு ஆறு நாள் இப்படி. ஞாயிற்றுக்கிழமை டிரம்ஸ். அதுவும் மெல்லிசை இல்லை, மெட்டல். கதவை மூடினால் ஜன்னல் நடுங்கும், ஜன்னலை மூடினால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார், அந்த ரகம்.

அவள் கையில் முதன்முதலாகக் குச்சி வந்தது பள்ளிக்கூடத்தில். விளையாட்டு விழா அணிவகுப்புக்கு டிரம் அடிக்க ஆள் வேண்டும் என்று, மேசையைத் தட்டித் தட்டி எல்லா ஆசிரியர்களிடமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தவளைப் பிடித்துப் போட்டார்கள். ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. மைதானத்தைப் பாதி சுற்றுவதற்குள் வேகம் ஏறிவிட்டது. பிள்ளைகள் நடையை எட்டிப் போட்டார்கள், பிறகு ஓடினார்கள். முன்னால் கொடியோடு போன தலைமையாசிரியை சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். அடித்தவளுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. அவள் காதுக்கு அது சரியான வேகமாகவே இருந்தது.

அவளுடைய குழுவில் மூன்று பேர். கிட்டார், அவளுடைய சொந்தத் தம்பி. ஏசி ரிப்பேர் வேலை, போன வருஷம்தான் அப்பாவானவன். பாடுவதும் பேஸ் கிட்டார் வாசிப்பதும் உறுமல். போன் கடையில் விற்பனையாளன். பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது, மைக்கைப் பிடித்தால் அடித்தொண்டையிலிருந்து உறுமுவான். மூன்று பேரும் பதினைந்து வருஷமாகச் சேர்ந்து வாசிக்கிறார்கள். பெரிய பேரெல்லாம் இல்லை. கூப்பிட்ட இடத்தில் வாசிப்பார்கள், கூப்பிடாவிட்டால் ஒத்திகை பார்ப்பார்கள்.

ஒத்திகைக்கு நடுவே டீ வரும்போது ஒரு விளையாட்டு உண்டு. அதற்குப் பெயர் 'யார் கை'. உறுமல் தன் போனில் ஏதாவது ஒரு பாட்டிலிருந்து டிரம்ஸ் மட்டும் கேட்கிற துண்டை ஓடவிடுவான். வாசிப்பது யார் என்று ஊசியக்கா சொல்ல வேண்டும். டீயை ஊதி ஒரு வாய் குடிப்பதற்குள் சொல்லிவிடுவாள்.

தனக்குப் பிடித்த டிரம்மர்களையெல்லாம் அவள் சொந்தக்காரர்களாக்கி வைத்திருந்தாள். ஜான் பான்ஹாம் பெரியப்பா. "பெரியப்பா வந்துட்டார்டா!" என்பாள். காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம்மில் மற்றவர்களுக்கு இரண்டு கால் வேண்டியிருக்கிற வேலையை அவர் ஒற்றைக் காலிலேயே முடிப்பார். பலமாக அடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பார்கள், ஆனால் ஊசியக்கா சொக்கிப்போவது பலத்துக்காக இல்லை. அந்த அடி மயிரிழை பிந்தி வந்து உட்காரும். பந்தியில் கடைசியாக வந்தாலும் தனக்கு இலை இருக்கும் என்று தெரிந்த மனுஷன் மாதிரி வருவார். சார்லி வாட்ஸ் மாமா. இடது கை ஸ்நேர் டிரம்மில் விழும்போது, பித்தளைத் தட்டில் இருக்க வேண்டிய வலது கையை அவர் மெல்ல எடுத்துவிடுவார். அந்தச் சின்ன ஓட்டை காதில் பட்டதுமே, "மாமா கைய எடுத்துட்டார் பாரு" என்று சிரிப்பாள். ஃபில் ரட் சித்தப்பா. கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். பாட்டு முழுக்க ஒரே அடி, இன்னொருவன் வாசித்தால் சலித்துப்போகும், சித்தப்பா வாசித்தால் இடுப்பு தானாக ஆடும். டேவ் லொம்பார்டோவை மட்டும் அவள் உறவு சொல்லிக் கூப்பிடமாட்டாள். அந்த இரண்டு கால்கள் ஓடுகிற ஓட்டத்தைக் கேட்டால், இதோ கவிழப் போகிறது, இதோ போச்சு என்று தோன்றும். கடைசிவரை கவிழாது. "இவன் நான்தான்" என்பாள். ஆசைக்கு அளவேது.

"பெரிய டிரம்மர்னா தப்பே பண்ணாதவன் இல்லடா. ஒரே தப்ப ஆயிரம் தடவ அதே மாதிரி பண்றவன். அந்தத் தப்புலதான் ஆளே இருக்கான்." இதுதான் ஊசியக்காவின் சித்தாந்தம். யார் கேட்டாலும் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள்.

அந்த வருஷம் அவர்கள் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். டயர் கடைக்கு மேலே இருந்த ஒரு ரெக்கார்டிங் அறையில், காதுக்குள் டிக் டிக் என்று வேகத்தைக் காட்டும் கிளிக் சத்தம் ஓட, ஊசியக்கா எல்லாப் பாட்டுக்கும் முதலில் டிரம்ஸ் வாசித்து முடித்தாள். "கிளிக் கொஞ்சம் மெதுவா ஓடுதே?" என்று நடுவில் கேட்டாள். ரெக்கார்டிங் அறைக்காரர் தம்பியைப் பார்த்தார், தம்பி சுவரைப் பார்த்தான்.

அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. கிட்டாரையும் பேஸையும் பாட்டையும் மற்ற இருவரும் மேலே சேர்க்க வேண்டும், முடிந்ததும் கொடுக்கிறேன் என்றான் தம்பி. காத்திருப்பது ஊசியக்காவுக்கு ஆகிற காரியமா? காலையில் போன், மத்தியானம் போன், சாயங்காலம் நேரே வீட்டுக்கு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அதன் முதுகில் தாளம் போட்டபடி, "முடிஞ்சுதா?" என்பாள். குழந்தை தூங்கினபின் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு துண்டு துண்டாகக் கிட்டார் வாசித்துச் சேர்த்துக்கொண்டிருந்தவன், "ஆயிட்டே இருக்குக்கா" என்பான். வெளியீட்டுத் தேதியையும் அறிவித்தாகிவிட்டது. வீட்டில் மெத்தை உதை வாங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீ வந்தது, 'யார் கை' ஆரம்பித்தது. உறுமல் போனை நீட்டினான். டிரம்ஸ் மட்டும்தான், சின்னத் துண்டு. ஊசியக்கா டீயை ஊதினாள், குடித்தாள், இன்னொரு வாயும் குடித்தாள். முகம் சுருங்கியது.

"இன்னொரு தடவ போடு."

போட்டான்.

"இதுல ஆளே இல்லடா. யாரோ கம்ப்யூட்டர்ல வரைஞ்சது."

"நல்லா கேளுங்கக்கா" என்றான் உறுமல். அவன் குரல் வழக்கத்தைவிடவும் உள்ளே போயிருந்தது.

"கேட்டாச்சு. எல்லா அடியும் ஒரே கனம், எல்லாம் அளந்து வெச்ச மாதிரி. உப்பில்லாத சாப்பாடு. இத வாசிச்சவன் இருக்கானா செத்துட்டானா?" விளையாட்டில் முதல்முறையாக விடை தெரியாத எரிச்சல் அவளுக்கு. அதனால் நாக்கு இன்னும் நீண்டது. "இவனெல்லாம் டிரம்ஸ வித்துட்டு இஸ்திரி போடப் போலாம். அதுல நேரா இருந்தா நாலு பேர் பாராட்டுவாங்க."

யாரும் சிரிக்கவில்லை. உறுமல் தன் செருப்பை ஆராய்ந்துகொண்டிருந்தான். தம்பி டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"அது நீதான்கா."

அவன் விளையாடுகிறான் என்று நினைத்து அவள் சிரிக்கப் போனாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோயிற்று.

நடந்தது இதுதான். ரெக்கார்டிங் அறைக்காரர் அவள் அடித்த அடிகளை ஒவ்வொன்றாக வெட்டி, கிளிக் விழுகிற இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறார். மெலிந்த அடிகளை எடுத்துவிட்டு, கைவசம் வைத்திருந்த கனமான அடிகளை ஒட்டியிருக்கிறார். தம்பி சரி என்றிருக்கிறான். அக்கா கேட்டதும் "நான்தான்!" என்று துள்ளிக் குதிப்பாள், எவ்வளவு கச்சிதமாக வாசித்திருக்கிறேன் பார் என்று பீற்றிக்கொள்வாள் என்று நினைத்து, அதை விளையாட்டுக்குள் நுழைத்ததும் அவன்தான்.

"எல்லாரும் இப்படித்தான்கா பண்றாங்க இப்ப."

"என் கை எங்கடா?"

"உன் கைதான்கா. கொஞ்சம் நேராக்கினது."

"எனக்கே தெரியலயே! என் கைன்னு எனக்கே தெரியலயேடா!" அவள் டீ கிளாஸைத் தள்ளி வைத்தாள். "பழசத் திருப்பிப் போடு. நான் வாசிச்சபடி வரட்டும்."

"முடியாதுக்கா. கிட்டார், பேஸ் எல்லாம் அந்த நேராக்கின டிரம்ஸ் மேல வாசிச்சது. அத எடுத்தா எல்லாம் சரிஞ்சிரும். குழந்தை தூங்கற நேரமெல்லாம் உக்காந்து வாசிச்சிருக்கேன். திரும்ப முதல்லேர்ந்துன்னா நான் செத்தேன்."

"அப்ப என் பேர எடுத்துடு. மெஷின்னு போடு."

"எதுக்கெடுத்தாலும் ஒரு அவசரம்! முதல்ல நீ வாசிச்சத நீ கேளு."

வெட்டாத பழைய பதிவும், கிளிக் சத்தத்தோடு, அவன் போனில் இருந்தது. நீளமான பாட்டு ஒன்றைப் போட்டான். அதன் நடுவே எல்லாச் சத்தமும் சட்டென்று நின்று, ஒரு வெற்றிடம் வரும். அதற்கப்புறம் டிரம்ஸும் கிட்டாரும் ஒரே நொடியில் சேர்ந்து விழ வேண்டும். அதுதான் அந்தப் பாட்டின் உயிர். ஊசியக்கா கேட்டாள். வெற்றிடம் வந்தது. அது வெற்றிடமாக ஆகுமுன்பே அவள் கை விழுந்துவிட்டது. அடுத்த பாட்டிலும் அப்படி ஒரு இடம், அங்கேயும் அதே கதை. சத்தமில்லாத ஓர் இடத்தை அவளால் தாங்கவே முடியவில்லை என்பது, காதுள்ள யாருக்கும் கேட்டிருக்கும்.

"ஓடறேன்" என்றாள் மெதுவாக.

"பதினஞ்சு வருஷமா ஓடற. நாங்க பின்னாடியே ஓடியாறோம்."

"மேடையில நல்லாத்தானேடா வந்துச்சு?"

"எப்படி வந்துச்சு? நீ எப்ப விழுவேன்னு உன் தோளையே பாத்துட்டு நிப்பேன். தோள் அசைஞ்சா அடிப்பேன். ஒவ்வொரு மேடையிலயும் அப்படித்தான்கா. கூட்டத்துல யார் வந்திருக்காங்கன்னு ஒரு தடவகூட நான் பாத்ததில்ல." தம்பியின் குரல் உடைந்தது. "அலுத்துப்போச்சுக்கா. ஒரு தடவையாவது நின்னு வாசிக்கணும்னு ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்."

தம்பி மேடையில் எப்போதும் தன் பக்கமே திரும்பி வாசிப்பதைப் பாசம் என்றுதான் அவள் இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். கணவரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அவள் குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பஸ் ஸ்டாப்பில் நிற்கவில்லை, வீடுவரை நடந்தாள்.

அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தனக்கென்று வைத்திருக்கும் பிரேக்கை மிதிப்பதே அவர் பிழைப்பு. எதற்கும் பதறாத மனுஷன்.

"நான் அவசரக்காரியா?" என்று வந்ததும் வராததுமாகக் கேட்டாள். அவர் வாயைத் திறப்பதற்குள், "சொல்லுங்க, ஏன் பேசாம இருக்கீங்க? அவசரக்காரிதானே?" என்றாள்.

"பதில் சொல்ல எங்க விட்ட?" என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்த ராத்திரி மெத்தைக்கு உதை விழவில்லை, ஏனென்றால் அவள் படுக்கவே இல்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாள். தன் பதிவு வெளிவந்தால் தம்பியின் உழைப்பு போகும். அது வராவிட்டால் தன் பேரில் யாரோ ஒரு பிணம் வாசிக்கும். இரண்டும் பொறுக்கவில்லை. போதாக்குறைக்குப் பெரியப்பாவும் மாமாவும் வேறு மண்டைக்குள் புகுந்துகொண்டார்கள். பெரியப்பா பிந்தி வந்தால் மற்றவர்கள் தைரியமாக முன்னே போகலாம். மாமா கையை எடுத்தால் அந்த இடத்தில் இன்னொருவர் வாசிக்கலாம். தன் தப்பில் யாருக்கு என்ன இடம் இருந்தது என்று யோசித்தாள். தம்பிக்கு ஒரு தோள் கிடைத்தது, அவ்வளவுதான். வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, அவன் இதைப் பதினைந்து வருஷம் முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது தம்பிக்குப் போன் செய்தாள்.

"உன் கிட்டார மட்டும் தனியா அனுப்பு. கிளிக் வேணாம், டிரம்ஸ் வேணாம்."

"எதுக்குக்கா?"

"அது மேல நான் வாசிக்கறேன். நீ எதையும் மாத்த வேணாம், நான் உன் பின்னாடி வரேன்."

அந்தப் பக்கம் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. "வெள்ளிக்கிழமை வெளியிடறோம்கா" என்றான் கடைசியில்.

"தெரியும். வியாழக்கிழமை லீவு போட்டுட்டேன்."

அதற்குள் அவள் பட்ட பாடு! வேலைக்குப் போகும்போதும் வரும்போதும், சோறு வடிக்கும்போதும் தம்பியின் கிட்டார் காதில் ஓடியது. இத்தனை வருஷம் கூடவே வாசித்தும் அதை இப்படித் தனியாக அவள் கேட்டதே இல்லை. பயல் எவ்வளவு அழகாக வாசிக்கிறான்! கம்பியை விட்டபின்னும் ஓசை தேய்கிறவரை காத்திருக்கிறான். தன் டிரம்ஸ் அந்தத் தேய்கிற ஓசையை என்றைக்கும் முடியவிட்டதில்லை என்பது அவளுக்கு உறைத்தது. ஆனால் வெற்றிடம் வந்தால் போதும், குதிகால் முந்திக்கொள்ளும். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காலைத் திட்டுவாள்.

வியாழக்கிழமை டயர் கடை மாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பியும் ரெக்கார்டிங் அறைக்காரரும். நீளமான பாட்டைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார்கள். மற்றவையெல்லாம் தட்டுத் தடுமாறி மத்தியானத்துக்குள் தேறிவிட்டன. இது மட்டும் மசியவில்லை. வெற்றிடம் வந்தது, ஓடினாள். நிறுத்தி மறுபடி வாசித்தாள், ஓடினாள். வேர்த்துக் கொட்டியது. மணிக்கட்டு கடுத்தது. ரெக்கார்டிங் அறைக்காரர் கொட்டாவி விட்டதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டாள், ஆத்திரம் தலைக்கேறியது. இன்னொரு தடவை என்று விரலைக் காட்டினாள்.

வெற்றிடம் வந்தது. கால் தூக்கியபடி இருந்தது, கை தூக்கியபடி இருந்தது. காதில் தம்பியின் கடைசிக் கம்பி தேய்ந்துகொண்டே போயிற்று. இப்போது விழவில்லை என்றால் பாட்டே முடிந்துவிடும் என்று அவள் உடம்பு கத்தியது. பயமாக இருந்தது, உண்மையான பயம். அவள் விழவில்லை. ஓசை முழுதாகத் தேய்ந்து ஒன்றுமில்லாமல் போயிற்று. அப்புறம் அவன் கிட்டார் வந்தது. அதே நொடியில் அவளும் வந்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி எழுந்து நின்றுவிட்டான். மீதிப் பாட்டு தன்னால் ஓடியது. ஆனால் ஊசியக்கா ஊசியக்காதானே. முடிந்துவிட்டது, ஜெயித்துவிட்டேன் என்ற சந்தோஷம் காலுக்குள் இறங்கி, டிரம்ஸும் கிட்டாரும் மட்டும் வருகிற கடைசிப் பகுதியில் பிய்த்துக்கொண்டு ஓடிவிட்டாள். குச்சியை வீசி எறியாத குறை.

"கடைசியில ஓடிட்டேன்டா. திருப்பி எடு."

தம்பி அங்கிருந்த மைக்கில் பேசினான். "வேணாம்கா."

"ஓடியிருக்கேன்டா!"

"இல்ல. அங்க நான்தான் மெதுவா வாசிச்சிருக்கேன்."

அந்தக் கிட்டாரை அவள் அந்த வாரம் முழுக்கக் கேட்டவள். அந்த இடத்தில் அது ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும். அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். வாதாட வாயெடுத்தவள், அவன் கண்ணைப் பார்த்துவிட்டுச் "சரி" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஆல்பம் வெளியானது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ரத்தக் குழாய்களை அடுக்கி வைக்கும் அறையில் உட்கார்ந்து ஊசியக்கா அந்த நீளமான பாட்டைக் கேட்டாள். வெற்றிடம் வந்து போனது. கடைசிப் பகுதி வந்தது. தான் அசிங்கமாக முந்திக்கொண்டு ஓடப்போகிற இடத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். டிரம்ஸ் ஓடியது. கிட்டாரும் ஓடியது. ஒரு மயிரிழை பிசகாமல் அவள் பக்கத்திலேயே ஓடியது.

உடனே போன் செய்தாள்.

"கிட்டார மாத்தி வாசிச்சியாடா?"

"ஆமாக்கா. நேத்து குழந்தை தூங்கினப்புறம்."

"ஏன்டா? நீதான் மெதுவா வாசிச்சேன்னு சொன்னியே."

"ஆமா. அதான் சரி பண்ணிட்டேன்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஒன்றும் பேசாமல் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவனும் வைக்கவில்லை. வெளியே யாரோ ஒரு பெரியவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ரத்தம் எடுக்கும் அம்மா எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்.